வாரத்துக்கு அரைக் கிலோ என்று யார் சொன்னது?

தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் வாரத்துக்கு அரைக் கிலோ குறையும். டயட் என்று இறங்கிய யாரும் இந்தக் கணக்கைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஜிம்மில் சேர்ந்த அன்றே பயிற்சியாளர் சொல்லிவிடுவார். செல்போனில் இருக்கும் கலோரிச் செயலி சொல்லும். வாழ்நாளில் ஒரு வேளை உணவைக்கூடக் குறைத்திராத உறவினரும் சொல்வார். கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கிறது. அரைக் கிலோதானே, இதில் என்ன பேராசை?

நான் அளந்துதான் சாப்பிடுகிறேன். காலையில் நடக்கிறேன். வாரத்தில் சில நாள் பளு தூக்குகிறேன். எடை குறையவே இல்லை என்று சொன்னால் அது பொய். குறைகிறது. ஆனால் படும் பாட்டுக்கும் கிடைக்கும் பலனுக்கும் பொருத்தமே இல்லை. செயலி குறித்துக் கொடுத்த தேதி எப்போதோ வந்து போய்விட்டது. அந்தத் தேதியில் நான் இருந்திருக்க வேண்டிய எடைக்கும் இப்போது இருக்கும் எடைக்கும் நடுவே இன்னும் பல கிலோ மிச்சம்.

கோபம் வரத்தானே செய்யும்? அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தேடிப் படித்ததில் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்களுக்கு உடம்பு போகவேண்டிய வேகத்தில்தான் போகிறது. கையில் கொடுத்த கால அட்டவணைதான் தப்பு.

அந்த அரைக் கிலோ எங்கிருந்து வந்தது? 1958இல் மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பவுண்டு உடற்கொழுப்பில் சுமார் 3500 கலோரி இருக்கிறது, ஆகவே ஒரு பவுண்டு குறைய 3500 கலோரி பற்றாக்குறை வேண்டும் என்றார். கிலோக் கணக்கில் சுமார் 7700. நாளுக்கு 500 வீதம் ஏழு நாளில் 3500 வந்துவிடுகிறது. ஒரு பவுண்டு, ஏறக்குறைய அரைக் கிலோ. கொழுப்புக்குள் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்ற வரையில் அவர் சொன்னதில் பெரிய பிழை இல்லை. அதை வாரம் வாரமாக அடுக்கிக்கொண்டே போவதில்தான் பிழை.

சும்மா அடுக்கிப் பாருங்களேன். ஒரு வருடத்தில் சுமார் 24 கிலோ. மூன்று வருடத்தில் 71 கிலோ. 71 கிலோ எடையுள்ள ஒருவர் தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டு வந்தால், மூன்றாம் வருட முடிவில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி மட்டும்தான் மிஞ்ச வேண்டும். அப்படி யாரும் காணாமல் போனதாகத் தெரியவில்லை.

இந்தக் கணக்கில் சாப்பாடு மட்டும்தான் மாறுகிறது. செலவு முதல் நாள் இருந்த இடத்திலேயே நிற்கிறது. நிஜத்தில் அது நிற்பதில்லை. 90 கிலோ உடம்பை மாடிப்படி ஏற்றுவதற்கும் 82 கிலோ உடம்பை ஏற்றுவதற்கும் ஆகும் ஆற்றல் ஒன்றல்ல. உடம்பு சிறுத்தால் அதை நடத்தும் செலவும் சிறுக்கும். அதற்கு மேலும் ஒரு சங்கதி இருக்கிறது. சம்பளம் குறைந்த வீட்டில் யாரும் சொல்லாமலே விளக்கை அணைத்துக்கொண்டு நடப்பார்கள் அல்லவா, உடம்பும் அப்படித்தான் கையை இறுக்கிக்கொள்கிறது. 1995இல் ரூடால்ஃப் லைபலும் அவருடன் இருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. உடல் எடையில் 10 சதவீதம் குறைந்தவர்களின் ஆற்றல் செலவு, அந்தச் சிறிய உடம்புக்கு எதிர்பார்க்க வேண்டியதைவிட 10 முதல் 15 சதவீதம் கூடுதலாகவே இறங்கியிருந்தது.

சரி, அப்படியானால் உண்மையான வேகம்தான் என்ன? அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களில் வேலை பார்த்த கெவின் ஹாலும் சக ஆய்வாளர்களும் 2011இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு கணக்கு கொடுத்தார்கள். உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொள்வதையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. அதன்படி, தினமும் நிரந்தரமாக 24 கலோரி குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி வருவதற்கே ஒரு வருடம் ஆகும். 95 சதவீதம் வர மூன்று வருடம். இதில் நம்முடைய 500 கலோரியைப் போட்டால், கடைசிக் கணக்கு 20 கிலோவுக்குச் சற்று மேல். முதல் வருடத்தில் சுமார் 10 கிலோ. பழைய கணக்கு அதே வருடத்துக்குச் சொன்னது 24.

10 கிலோவை 52 வாரத்தால் வகுத்தால் வாரத்துக்குச் சராசரியாக 200 கிராமைக்கூடத் தொடாது. ஆரம்பத்தில் சற்று வேகம், போகப்போக இன்னும் குறைவு. அதுவும் எப்படி? ஒரு நாள் தவறாமல், ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல், ஒரு பயணம் குறுக்கிடாமல் 500 கலோரியைப் பிடித்து நின்றால்.

இந்த 200 கிராமைத்தான் காலையில் வெயிட் மெஷினில் தேடுகிறோம்.

அது அங்கே கண்ணில் படாது என்பதுதான் அடுத்த எரிச்சல். உடம்பின் எடை ஒரே நாளில் ஒரு கிலோ, சில சமயம் இரண்டு கிலோகூட ஏறி இறங்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தால் மெஷின் ஒரு கிலோ கூட்டிக் காட்டும். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. உப்பு தூக்கலான சாப்பாடு சாப்பிட்டால் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும். புதிதாகப் பளு தூக்க ஆரம்பித்தால் தசை நோகும், நொந்த தசையைச் சரிசெய்ய அங்கே நீர் சேரும். ஆகவே ஜிம்மில் சேர்ந்த முதல் வாரத்தில் எடை கூடுவது அபூர்வம் இல்லை. பணம் கட்டி எடையைக் கூட்டிக்கொண்டோம் என்று நினைத்து அந்த வாரத்திலேயே நிறுத்திவிடுகிறவர்கள் எத்தனை பேரோ. பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டி வரும் நீர்க்கோவை தனிக் கதை. எனக்கு அந்த நாட்களில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறும், அப்புறம் தானாக வடியும். அந்த ஒரு கிலோவுக்குக் கீழே, அந்த மாதம் முழுக்க உழைத்துக் கரைத்த கொழுப்பு அப்படியே மறைந்து கிடக்கும்.

இன்னொரு வேடிக்கை முதல் வாரத்தில் நடக்கும். கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் என்ற வடிவில் சுமார் 400 முதல் 500 கிராம் மாவுச்சத்து சேமிப்பில் இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. சாப்பாட்டைக் குறைத்தவுடன், அதிலும் மாவுச்சத்தைக் குறைத்தவுடன், இந்தக் கையிருப்புதான் முதலில் காலியாகிறது. தண்ணீரும் அதோடு வெளியேறுகிறது. இரண்டு கிலோ போய்விட்டது என்று தெருவெல்லாம் சொல்லி மகிழ்வோம். அதில் கொழுப்பு கொஞ்சம்தான். ஆனால் மனது அந்த வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது. மூன்றாம் வாரம் மெஷின் நகராதபோது ஏதோ கெட்டுப்போய்விட்டதாகத் தோன்றுவது அதனால்தான். குறைந்த நாளில் அதிகக் கிலோ என்று விளம்பரம் செய்யும் அத்தனை டயட்டும் பிழைப்பு நடத்துவது இந்தத் தண்ணீரை நம்பித்தான் என்பது என் அபிப்பிராயம்.

மெஷினோடு நடக்கும் அந்தக் காலைச் சடங்கையும் சொல்ல வேண்டும். கழிப்பறைக்குப் போய் வந்தபின், எதுவும் குடிப்பதற்கு முன், இருப்பதிலேயே மெல்லிய உடையில் ஏறி நிற்பது. எண் பிடிக்கவில்லை என்றால் இறங்குவது. காலால் மெஷினைப் பக்கத்துக் கல்லுக்குத் தள்ளி மறுபடி ஏறுவது. 300 கிராம் குறைத்துக் காட்டினால் அதுதான் சரியான எண் என்று முடிவு கட்டுவது. கூட்டிக் காட்டினால் தரை சமமில்லை என்று மறுபடி பழைய இடத்துக்கே தள்ளுவது. கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு ஏறுகிறவரையும் எனக்குத் தெரியும். தலைமுடி காய்ந்த பிறகுதான் ஏறுவேன் என்பவரையும் தெரியும்.

இந்தப் பித்து நமக்கு மட்டும் வந்ததல்ல. இத்தாலியின் பதுவா நகரத்தில் சான்டோரியோ என்ற மருத்துவர், 400 வருடத்துக்கு முன்பே, பெரிய தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு அதில் உட்கார்ந்து தன்னைத்தானே நிறுத்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டது, குடித்தது, கழித்தது எல்லாவற்றையும் நிறுத்தார். உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் கணக்கு இடித்தது. கண்ணுக்குத் தெரியாத ஆவியாக ஏதோ உடம்பைவிட்டுப் போகிறது என்று 1614இல் புத்தகமே எழுதினார். ஆளின் ஊகம் வீண்போகவில்லை. கரைந்த கொழுப்பு எங்கே போகிறது என்று 2014இல் இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள்: 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, மிச்சம் 1.6 கிலோ தண்ணீராகிறது. நடக்கும்போது ஊற்றும் வியர்வை கொழுப்பு உருகுவதன் அடையாளம் என்று நம்புகிறவர்கள் இதைக் கேட்டால் வருத்தப்படுவார்கள்.

இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க எனக்குப் பிடித்த வழி, தினமும் எடை பார்த்து அந்த எண்ணைக் கண்டுகொள்ளாமல் குறித்துவைப்பது. வார முடிவில் ஏழு நாளின் சராசரி. இந்த வாரச் சராசரியை நாலு வாரத்துக்கு முந்தைய சராசரியோடு ஒப்பிடுவது. போன வாரத்தோடு ஒப்பிட்டால் அழுகைதான் வரும். தினமும் பார்த்தால் மனசு கெட்டுப்போகும் என்பவர்கள் பார்க்கவே வேண்டாம். இடுப்பைச் சுற்றி ஒரு டேப் போதும். தண்ணீரின் விளையாட்டு டேப்பிலும் உண்டு, ஆனால் மெஷின் அளவுக்கு இல்லை.

அடுத்தது, கேட்டதும் உடம்பெல்லாம் எரியும் விஷயம்.

“என்னம்மா, ஜிம்முக்கெல்லாம் போறே, ஒண்ணும் தெரியலையே?” என்று பெரியம்மா கேட்பது பரவாயில்லை. அதில் வெறும் ஆர்வம்தான் இருக்கிறது. “எங்கேயோ வாயை மூடாம இருக்கே” என்று வரும் பாருங்கள், அதுதான் குத்தும். எதையோ திருட்டுத்தனமாகத் தின்கிறோம் என்ற குற்றச்சாட்டு. மருத்துவர்களில் சிலரும் இதையே நாகரிகமாகச் சொல்வார்கள்: “நீங்கள் சொல்கிற அளவுதான் சாப்பிட்டால் குறைந்தே ஆகவேண்டுமே.”

இதற்கு ஆதாரமாக எல்லாரும் காட்டும் ஆய்வு 1992இல் வந்தது. தினமும் 1200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை நியூயார்க்கில் எடுத்து ஆராய்ந்தார்கள். உண்மையான ஆற்றல் செலவைத் துல்லியமாகப் பிடிக்க, தனி வகை அணுக்கள் கலந்த நீரைக் குடிக்கவைத்து அளக்கும் முறையைப் பயன்படுத்தினார்கள். அவர்களின் உடம்பு எரித்த கலோரி சராசரியாக இருக்கவேண்டிய அளவில்தான் இருந்தது. ஆனால் சாப்பிட்டதை 47 சதவீதம் குறைத்தும், உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் எழுதியிருந்தார்கள்.

பார்த்தாயா, பொய் சொல்கிறார்கள் என்று இதைக் கையில் எடுத்துக்கொண்டு வருபவர்கள், பிறகு 2002இல் வந்த இன்னொரு ஆய்வைச் சொல்வதில்லை. அதில் தாங்கள் சாப்பிட்டதை எழுதியவர்களில் பாதிப்பேர் உணவியல் நிபுணர்கள். அளவு பார்ப்பதே தொழிலாக இருப்பவர்கள். அவர்களும் நாளுக்குச் சராசரியாக 200 கலோரிக்கு மேல் குறைத்துத்தான் எழுதியிருந்தார்கள். அவர்கள் யாரை ஏமாற்றப் போகிறார்கள்? கண்ணாலும் ஞாபகத்தாலும் சாப்பாட்டை அளப்பது மனிதருக்கு வராத வித்தை, அவ்வளவுதான். குற்றம் சாட்டுகிறவர்களையும் ஒரு வாரம் எழுதச் சொல்லிப் பார்க்கவேண்டும்.

சந்தேகம் இருந்தால் எண்ணெயைப் பாருங்கள். சமைக்கும் முன் எண்ணெய் பாட்டிலைச் சமையலறைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல் ஊற்றுங்கள், தாளிக்க, வதக்க, கடைசியில் வாசனைக்கு மேலாக ஒரு சுற்று. வாணலியை இறக்கியதும் பாட்டிலை மறுபடி தராசில் வையுங்கள். குறைந்த ஒவ்வொரு கிராமுக்கும் 9 கலோரி. சாப்பிடப்போவது எத்தனை பேரோ, அத்தனையால் வகுங்கள். ஒரு பெரிய தேக்கரண்டி எண்ணெய் என்றால் 120 கலோரி. பாட்டிலைச் சாய்க்கும்போது கண்ணுக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது; அது ஒரு நொடிக்கும் ஒன்றரை நொடிக்கும் உள்ள வித்தியாசம். நாளுக்கு 500 கலோரி என்று போட்ட திட்டம் 250ஆகச் சுருங்குவதற்கு வேறு திருட்டே தேவையில்லை. ஒரு கைப்பிடிப் பருப்புக் கொட்டைகளும் அப்படித்தான். உடம்புக்கு நல்லது என்று பெயர் வாங்கிவிட்டதால் அதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

உடற்பயிற்சியின் கணக்கு இதைவிடக் கொடுமை. 80 கிலோ எடையுள்ள ஒருவர் 5 கிலோமீட்டர் நடந்தால், சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஆகியிருக்கும் செலவைக் கழித்தபின் மிஞ்சுவது 200, மிஞ்சிப்போனால் 250 கலோரி. ஒரு மணி நேர நடை என்பது இரண்டு பெரிய தேக்கரண்டி எண்ணெய். கையில் கட்டும் கடிகாரம் இதைத் தாராளமாகக் கூட்டிக் காட்டும். அதை நம்பி அன்று மாலை எதையாவது சாப்பிட்டால் கதை முடிந்தது.

இன்னும் கேளுங்கள். டான்சானியாவில் ஹாட்சா என்ற வேட்டைச் சமூகம் இருக்கிறது. கிழங்கு தோண்டியும் தேன் எடுத்தும் வேட்டையாடியும் நாள் முழுக்க நடப்பவர்கள். ஹெர்மன் பான்ட்சரின் குழு அவர்களின் ஆற்றல் செலவை அளந்து 2012இல் வெளியிட்டது. உடல் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் மேற்கத்தியர்களைவிட அவர்கள் அதிகம் செலவழிக்கவில்லை. இதற்கு என்ன விளக்கம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. உடம்பு ஒரு பக்கம் செலவழித்ததை வேறு பக்கம் மிச்சம் பிடிக்கிறது என்பது பான்ட்சரின் கட்சி. ஓரளவுக்கு நம் வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். காலையில் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தவர் மத்தியானம் சோபாவைவிட்டு எழுந்திருக்க மாட்டார். தண்ணீர் வேண்டுமென்றாலும் பக்கத்தில் இருப்பவரிடம்தான் கேட்பார்.

அதனால் உடற்பயிற்சியை விடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போகும். பளு தூக்கினால் அந்த இழப்பு குறையும். குறைத்த எடையைத் தக்கவைப்பதில் நடைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. தூக்கம், ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டு என்று பலன்கள் நீளம். எடை மெஷினில் உடனே தெரியும் பலன் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. உடற்பயிற்சியை எடை குறைப்புக்கு விற்பவர்கள் அதன் உண்மையான சிறப்பையே மறைக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இவ்வளவு சொன்னபிறகும் எனக்கு மிகக் கடினமாக இருப்பது இவற்றில் எதுவும் இல்லை. பசிதான்.

டயட்டின் இரண்டாம் வாரத்துப் பசி வேறு, ஆறாம் மாதத்துப் பசி வேறு. முதலாவது வயிற்றில் இருக்கும். தண்ணீர் குடித்தால், வேலையில் மூழ்கினால் போய்விடும். இரண்டாவது தலையில் குடியேறிவிடும். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதே அடுத்த வேளை என்ன என்று யோசனை ஓடும். சமையல் வீடியோக்களை வேலை மெனக்கெட்டுப் பார்க்கத் தோன்றும். பக்கத்தில் இருப்பவர் தட்டில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்தால் கண் அங்கேயே நிற்கும்.

இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் ஒரு பரிசோதனை நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள், பட்டினியின் விளைவுகளை ஆராய்வதற்குத் தாங்களாகவே முன்வந்தார்கள். ஆறு மாதம் அரைப் பட்டினி. வாரத்துக்கு 22 மைல், அதாவது சுமார் 35 கிலோமீட்டர் நடக்கவேண்டும். உடல் எடையில் கால்வாசி குறைந்தது. ஆரோக்கியமான, மன உறுதிக்குப் பஞ்சமில்லாத அந்த இளைஞர்கள், சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாதவர்களாக ஆனார்கள். சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். எரிச்சல், சோர்வு, குளிர் தாங்காமை. கால்களில் நீர் கோத்துக்கொண்டது.

அவர்களுக்குக் கொடுத்த சாப்பாடு நாளுக்கு எவ்வளவு தெரியுமா? சராசரியாக 1570 கலோரி. அதைத்தான் அரைப் பட்டினி என்று விஞ்ஞானிகள் பெயரிட்டுப் பதிவு செய்தார்கள். அவர்கள் ஒல்லியான இளைஞர்கள், செலவும் அதிகம், நம்மோடு நேரடியாக ஒப்பிட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வளர்ந்த ஒரு மனுஷிக்குச் செயலி எந்தக் கூச்சமும் இல்லாமல் 1200 என்று எழுதிக் காட்டும்போதெல்லாம் எனக்கு இந்த எண் ஞாபகம் வந்துவிடுகிறது.

பசிக்குப் பின்னால் இருக்கும் இயக்கம் பின்னாளில் தெரியவந்தது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ஆய்வகம் 1994இல் கண்டுபிடித்தது. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும். மூளை அதைக் கையிருப்பு கரைகிறது என்ற அபாய அறிவிப்பாக எடுத்துக்கொள்ளும். 2011இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், பத்து வாரம் கடும் டயட் இருந்து எடை குறைத்தவர்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்தார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன் அப்போதும் முன்பைவிட உயர்ந்தே இருந்தது, லெப்டின் தாழ்ந்தே இருந்தது. கெவின் ஹாலின் குழு இதைக் கலோரியில் கணக்கிட்டது: குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்குச் சுமார் 100 கலோரி அளவுக்குப் பசி கூடுகிறது. உடம்பு செலவைக் குறைத்துக்கொள்வதன் பங்கு இதில் மூன்றில் ஒன்றுகூட வராது. எட்டுக் கிலோ குறைத்தவரை அவர் உடம்பு தினமும் 800 கலோரி கூடுதலாகச் சாப்பிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டே இருக்கிறது. எடை ஒரு இடத்தில் நின்றுவிடுவதற்கு வளர்சிதை மாற்றம் செத்துவிட்டது என்று காரணம் சொல்வார்கள். முக்கால்வாசி நேரம் நடப்பது வேறு. இந்த நச்சரிப்புக்கு முன் அளவுகள் கொஞ்சம் கொஞ்சமாக, நமக்கே தெரியாமல், பெரிதாகின்றன. இதை மன உறுதிக் குறைவு என்று சொல்பவர்கள் எட்டுக் கிலோ குறைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

வயதின் மேல் பழி போடுவதும் செல்லாது. 6400க்கும் அதிகமானவர்களின் ஆற்றல் செலவைத் தொகுத்து 2021இல் வெளியான ஆய்வில், உடல் அளவையும் தசையையும் கணக்கில் கொண்டால் 20 வயதிலிருந்து 60 வரை அது ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது என்று தெரிந்தது. நாற்பதில் ஏறும் எடைக்கு நாற்பதாம் வயதின் வாழ்க்கைதான் பெரும்பாலும் காரணம். தைராய்டு? பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் சுரப்பு குறைவதால் மட்டும் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோக்கள்தான், அதிலும் நிறைய உப்பும் நீரும். அதைவிடக் கவனிக்கவேண்டியது மருந்துகள்: ஸ்டீராய்டு, இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள், மனநலத்துக்கான சில மாத்திரைகள் எடையைக் கூட்டக்கூடியவை. தானாக நிறுத்தக்கூடாது, மாற்று இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்கலாம். இந்தக் கேள்வியை நோயாளிதான் கேட்கவேண்டியிருக்கிறது.

இப்போது வந்திருக்கும் ஊசிகளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். செமாக்ளூடைட் மருந்தின் பெரிய பரிசோதனை 2021இல் வெளியானது. பசியையே அடக்கும் மருந்து. வாரம் தவறாமல் போட்டுக்கொண்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் குறைந்தது. இவ்வளவு பலமான மருந்துக்கே ஒரு வருடத்துக்கு மேல் தேவைப்பட்டது. அதே பரிசோதனையில் மருந்தில்லாத வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் டயட், உடற்பயிற்சி ஆலோசனை இரண்டும் உண்டு. அதே 68 வாரத்தில் அவர்களுக்குக் குறைந்தது 2.4 சதவீதம். 90 கிலோ எடையுள்ளவருக்கு இரண்டே சொச்சம் கிலோ. அந்த எண்ணை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏமாற்றம் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. ஆய்வாளர்கள் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட இத்தனை பேருக்கே அவ்வளவுதான் என்றால், என் மெஷின் காட்டுவது அப்படியொன்றும் அவமானம் இல்லை.

குறைவாகக் குறைவதற்கும் மதிப்பு இருக்கிறது. அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3234 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. உணவும் நடையும் பின்பற்றிய பிரிவினருக்கு வைத்த இலக்கு, உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது. அதைக்கூட எல்லாராலும் எட்ட முடியவில்லை. ஆனாலும் அந்தப் பிரிவில் சர்க்கரை நோய் வந்தவர்கள் 58 சதவீதம் குறைவு. கண்ணாடி முன் நின்றால் கண்டுபிடிக்கவே முடியாத எடை அது. பெரியம்மாவுக்கும் தெரியாது.

தேதி வேண்டும், அது இல்லாமல் ஓட முடியாது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கெவின் ஹாலின் கணக்கை வைத்து அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனம் ஒரு எடைத் திட்டக் கருவியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வயது, உயரம், இப்போதைய எடை, அன்றாட உழைப்பு, இலக்கு எடை, இலக்குத் தேதி எல்லாவற்றையும் கேட்கும். போட்டால் நாளுக்கு எத்தனை கலோரி சாப்பிடலாம் என்று சொல்லும். இலக்கை அடைந்தபின் அங்கேயே நிற்க எவ்வளவு சாப்பிடவேண்டும் என்றும் சொல்லும். அந்த இரண்டாவது எண்ணை வேறு எந்தச் செயலியும் எனக்குக் காட்டியதில்லை. முதலில் உங்கள் மனதில் இருக்கும் தேதியையே போடுங்கள். வரும் கலோரி எண்ணைப் பார்த்துப் பயமாக இருந்தால், தேதியை ஒரு வருடம் தள்ளிப்போட்டு மறுபடி அழுத்துங்கள். பெரும்பாலும் மனிதர் சாப்பிடக்கூடிய ஒரு எண் வரும்.